கேள்வி - பதில்: எந்தப் பிரிட்ஜ் கேமரா, எதற்கு?

இம்முறை வந்த கடிதங்களில் பல பிரிட்ஜ் கேமராவைப் பற்றியே கேட்பதால், அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதிலளிக்கிறோம். தோற்றத்தில் டிஎஸ்எல்ஆர் போலிருந்தாலும் லென்ஸைக் கழற்ற முடியாததும், அகலக் காட்சி முதல் நெடுந்தொலைவு வரை ஒரே லென்ஸில் அடக்கியிருப்பதுமான கேமராவைத்தான் இப்பெயரால் அழைக்கிறார்கள். இவ்வகையில் புதிய மாடல்கள் அரிதாகிவிட்டன. ஆகவே 2014-இலும் 2018-இலும் வெளிவந்த கேமராக்களை இங்கே பரிந்துரைப்பதைக் கண்டு வாசகர்கள் வியக்க வேண்டாம். லென்ஸின் குவியத்தூரமாகக் கீழே மி.மீ. கணக்கில் சொல்லப்படுபவை, வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை, 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கு ஈடான அளவுகள்; எண் கூடக் கூடத் தொலைவிலுள்ளது பெரிதாகத் தெரியும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வேடந்தாங்கல் எங்களுக்குப் பக்கம். அங்குள்ள பறவைகளையும், மொட்டை மாடியிலிருந்து நிலவையும் படமெடுக்க ஆசைப்படுகிறேன். நிக்கான் பி950-இல் 83 மடங்கு ஜூம், பி1000-இல் 125 மடங்கு ஜூம் என்கிறார்கள். வாங்குவதுதான் வாங்குகிறோம், ஜூம் அதிகமுள்ளதையே வாங்கிவிடலாமா?
- வாசகர், மதுராந்தகம்

பதில்: தங்களுக்கு பி950 போதும் என்பது என் கருத்து. 'மடங்கு' என்பது லென்ஸின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே சொல்கிறது. பி950-இன் லென்ஸ் 24 மி.மீ.-இல் தொடங்கி 2000 மி.மீ.-இலும், பி1000-இன் லென்ஸ் அதே 24-இல் தொடங்கி 3000-இலும் முடிகின்றன. கேனான் எஸ்எக்ஸ்70 எச்எஸ் 65 மடங்குதான் என்றாலும் அது 21 மி.மீ.-இல் தொடங்குவதால் 1365 வரை போய்விடுகிறது. ஆகவே மடங்கை விட்டுவிட்டு, முடிவில் நிற்கும் மி.மீ. எண்ணைக் கொண்டு கணக்குப் போடுங்கள்.

முதலில் நிலவு. வானில் அது ஏறத்தாழ அரை பாகை அகலமே உடையது. 600 மி.மீ.-இல் எடுத்தால் படத்தின் உயரத்தில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகவும், 1365-இல் பாதியாகவும், 2000-இல் பத்தில் ஏழு பங்காகவும் நிலவு தெரியும். 3000-க்குப் போனால் அதன் விளிம்புகள் சட்டகத்தின் மேலும் கீழும் முட்டிக்கொள்ளும். பள்ளங்களை மட்டும் தனித்தனியே எடுக்க விரும்புவோருக்கு அது பயன்படலாம். முழு நிலவு அழகாக அமைவது 2000-இல்தான். தவிர, நிலவு தன் விட்டத்தின் அளவு நகர்வதற்கு இரண்டு நிமிடங்களே ஆகும் என்பதால், 3000-இல் டிரைபாடை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பௌர்ணமி நிலவு வெயில் படும் பாறை. இரவாயிற்றே என்று ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) ஏற்றிவிடாதீர்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடி என்று தொடங்கினால் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

இனிப் பறவைகள். கரையிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி ஒரு மரத்தில் மஞ்சள்மூக்கு நாரை நிற்பதாகக் கொள்வோம். அத்தொலைவில் 2000 மி.மீ. லென்ஸ் காட்டும் உயரம் 80 செ.மீ.-க்கும் சற்றுக் குறைவு; நாரையோ ஒரு மீட்டரை ஒட்டிய உயரமுடையது. அதாவது முழு ஜூமில் தலையோ காலோ வெட்டுப்படும், ஜூமைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதே தொலைவில் வெண்மார்பு மீன்கொத்தி அமர்ந்திருந்தால் படத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வரும், அது தாராளம். 3000 மி.மீ. உண்மையிலேயே தேவைப்படும் அளவுக்குப் பறவை தொலைவில் இருக்கும்போது, இடையிலுள்ள காற்று உங்களை விடாது. வெயில் ஏறியபின் நீர்ப்பரப்பிலிருந்தும் வயலிலிருந்தும் எழும் சூடான காற்று, கானல் போல நெளிந்து இறகின் வரிகளையெல்லாம் குழப்பிவிடும். எந்தக் கேமராவும் அதைத் திருத்த முடியாது. காலை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்து முடிப்பதே வழி.

எடையும் பார்க்க வேண்டியதே. பி950 ஏறத்தாழ 1 கிலோ, பி1000 1.4 கிலோ. கரையில் நடந்துகொண்டே அரை நாள் கழிப்பவருக்கு அந்த நானூறு கிராம் பத்து மணிக்கு மேல் தெரியும். 2025-இல் வந்த பி1100 ஏறக்குறைய பி1000-தான். டைப்-சி சார்ஜிங் போன்ற சில மாற்றங்களே அதில் உண்டு.

முதல் நாள் தங்களை மிகவும் சோதிக்கப்போவது படத்தின் தரமன்று, பறவையைக் கண்டுபிடிப்பது. முழு ஜூமில் கை இம்மியளவு அசைந்தாலும் பறவை சட்டகத்தைவிட்டு மறைந்துவிடும். பிறகு இலையும் வானமுமாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதற்காகவே நிக்கானில் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அழுத்திப் பிடித்தால் லென்ஸ் சற்றுப் பின்வாங்கி அகலமான காட்சியையும், முன்பு பார்த்த பகுதியைச் சுற்றி ஒரு கட்டத்தையும் காட்டும். பறவையைக் கட்டத்துக்குள் கொண்டுவந்து விரலை எடுத்தால் லென்ஸ் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கேனான் எஸ்எக்ஸ்70-இலும் இதே வேலைக்கு ஒரு பொத்தான் உண்டு. கடையில் மற்ற எதையும் விட இந்தப் பொத்தானைத்தான் தாங்கள் நான்கைந்து முறை அழுத்திப் பார்க்க வேண்டும், ஏனெனில் களத்தில் விரல் அடிக்கடி தேடப்போவது இதைத்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பி950 நொடிக்கு ஏழு படம் எடுக்கும், ஆனால் பத்துப் படங்களில் நின்றுவிடும். அவற்றைக் கார்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஃபோகஸும் மெதுவானதே. கூட்டில் இருக்கும் கூழைக்கடாவுக்கு இது போதும், பாய்ந்து பறக்கும் பஞ்சுருட்டானுக்குப் போதாது. பறப்பதை எடுத்தே தீர வேண்டுமென்றால் இவ்வகையில் ஒரே ஒரு கேமராதான் மனத்துக்கு வருகிறது: 2017-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4. நொடிக்கு 24 படம், விரைவான ஃபோகஸ், மற்றவற்றைவிடப் பெரிய ஒரு அங்குலச் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) எல்லாம் அதில் உண்டு. ஆனால் லென்ஸ் 600 மி.மீ.-உடன் நின்றுவிடும், விலையும் இந்தியாவில் லட்சத்தைத் தாண்டியே இருந்தது.

2000-த்துக்குப் பழகிய கண்ணுக்கு 600 சிறிதாகத் தோன்றும். ஆயினும் ஒரு கணக்கைப் பாருங்கள். பி950-இன் லென்ஸ் முழு ஜூமில் உண்மையான குவியத்தூரம் 357 மி.மீ., துளை எண் (குவியத்தூரத்துக்கும் ஒளி நுழையும் வாய்க்கும் உள்ள விகிதம்) 6.5, முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒளி நுழையும் வாய் 55 மி.மீ. சோனியில் 220 மி.மீ., துளை எண் 4. அங்கும் விடை 55 மி.மீ.தான். ஒரே அகலமுள்ள வாய் வழியாக வரும் ஒளி கொண்டுவரக்கூடிய நுணுக்கத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஆகவே பி950 பறவையைப் பெரிதாகக் காட்டுவது உண்மையே என்றாலும், எண்கள் சொல்வது போல மூன்று மடங்குக்கு மேல் கூடுதலான இறகு விவரத்தை அது தந்துவிடாது. அமர்ந்த பறவையும் நிலவும் என்றால் பி950. பணம் தடையில்லை, பறக்கும் பறவைதான் வேண்டும் என்றால் சோனி.

கேள்வி: மகள் பரதநாட்டியம் ஆடுகிறாள். சபாக்களில் பின் வரிசையில்தான் இடம் கிடைக்கிறது. மொபைலில் எடுத்தால் முகமே தெரிவதில்லை. 65 மடங்கு ஜூம் உள்ள கேமரா வாங்கினால் எவ்வளவு தூரத்திலிருந்தும் எடுக்கலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். சரிதானா?
- வாசகி, திருச்சி

பதில்: பகல் வெளிச்சத்தில் சரி, சபா அரங்கில் சரியில்லை. மேடைக்கும் தங்களுக்கும் இருபது மீட்டர் இருப்பதாகக் கொள்ளுங்கள். கேமராவை நெடுவாக்கில் பிடித்து 400 மி.மீ.-இல் பார்த்தால் 1.8 மீட்டர் உயரம் சட்டகத்தில் அடங்கும். சலங்கை கட்டிய கால் முதல் தலைச்சாமான் வரை மகள் முழுமையாக நிறைந்து நிற்பாள். கிடைவாக்கில் பிடித்தால் இடுப்புக்கு மேற்பட்ட அபிநயம் கிடைக்கும். கடைக்காரர் சொல்லும் கேமராவை முழு ஜூமுக்குக் கொண்டுபோனால் அதே இடத்திலிருந்து முகம் மட்டுமே தெரியும், அவள் ஓரடி நகர்ந்தாலும் அதுவும் போய்விடும். ஆக, 25 மி.மீ.-இல் தொடங்கும் லென்ஸ் என்றால் தங்களுக்கு வேண்டிய ஜூம் 16 மடங்குதான்.

வேண்டியது ஒளி. துளை எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது என்று பொருள். அதிக ஜூம் கேமராக்களில் லென்ஸ் நீள நீளத் துளை சுருங்கி, முடிவில் துளை எண் 6.5-ஐ எட்டிவிடும். தங்களுக்கு நான் சொல்லும் பானசோனிக் எஃப்இசட்1000-இல் 400 மி.மீ.-இலும் அது 4-தான். 6.5-க்கும் 4-க்கும் இடையே ஒளியில் இரண்டரை மடங்குக்கு மேல் வேறுபாடு உண்டு. அதற்கும் மேலாக, கடைக்காரர் காட்டிய கேமராவின் சென்சார் ஏறத்தாழ 6 மி.மீ.-க்கு 4.5 மி.மீ.; எஃப்இசட்1000-இல் இருக்கும் ஒரு அங்குலச் சென்சார் 13.2 மி.மீ.-க்கு 8.8 மி.மீ. பரப்பளவில் நான்கு மடங்கு பெரிது. ('ஒரு அங்குலம்' என்று பெயரே தவிர, எந்தப் பக்கத்தை அளந்தாலும் ஒரு அங்குலம் வராது, பழைய வீடியோ கேமராக் குழாய் காலத்து அளவுமுறை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.) மங்கிய மேடை விளக்கில் இந்த இரண்டும் சேர்ந்துதான், தெளிவான முகத்துக்கும் புள்ளிபுள்ளியாகச் சிதைந்த முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உண்டாக்குகின்றன.

கேமராவிலுள்ள அதிர்வுத் தடுப்பு தங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், மகளின் கை வீச்சை அது நிறுத்தாது. அடவு நடக்கும்போது ஷட்டர் 1/250 நொடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. தீர்மானம் முடிந்து அவள் உறைந்து நிற்கும் கணத்தில் 1/125 போதும், அப்போது ஐஎஸ்ஓவைப் பாதியாகக் குறைக்கலாம். ஜதியைக் கேட்டுப் பழகிய தாய்க்கு அந்தக் கணம் எப்போது வரும் என்பது முன்பே தெரியும். விலை உயர்ந்த கேமரா வைத்திருக்கும் வாடகைப் புகைப்படக்காரருக்குப் பல நேரம் தெரியாது. கறுப்புத் திரையைக் கண்டு கேமரா ஏமாந்து படத்தை வெளிறச் செய்யும் என்பதால், வெளிச்சத் திருத்தத்தை மைனஸ் 1-இல் வையுங்கள். இல்லாவிட்டால் ஜரிகையும் நெற்றிச்சுட்டியும் வெறும் வெள்ளையாகிவிடும். எல்இடி விளக்குகளின் கீழ் எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தில் கோடு விழச் செய்யலாம், அதனால் மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துங்கள். இக்கேமராவில் அதன் ஓசை பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. ஃபிளாஷ் கூடவே கூடாது.

வீடியோ எடுப்பதானால், பல கேமராக்களில் ஏறத்தாழ 29 நிமிடங்களில் பதிவு தானாகவே நின்றுவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வர்ணம் தொடங்கும் முன் ஒருமுறை நிறுத்தித் தொடங்கிவிட்டால் நடுவில் அறுபடும் வாய்ப்பு குறையும். எஃப்இசட்1000 வந்தது 2014-இல், அடுத்த பதிப்பு 2019-இல். மேடைப் படங்களுக்கு இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கேள்வி: 12 மெகாபிக்சல் கேமராவை இன்றைக்கு யாராவது வாங்குவார்களா?
- வாசகர், ஈரோடு

பதில்: வாங்கலாம். 12 மெகாபிக்சல் படத்தை 13 அங்குலத்துக்கு 10 அங்குல அளவில், பத்திரிகை அச்சுத் தரத்திலேயே அச்சிட முடியும். தாங்கள் கேட்பது பானசோனிக் எஃப்இசட்300 என்றால், அதன் சிறப்பு வேறிடத்தில் இருக்கிறது: 25 முதல் 600 மி.மீ. வரை துளை எண் 2.8-இலேயே நிற்கிறது, தூசும் தூறலும் எளிதில் புகாதபடி உடலும் மூடப்பட்டுள்ளது. சென்சார் சிறியதுதான், மழைக்காலத்தில் காட்டுக்குப் போகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கோவில் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் ஆவணப்படுத்தும் சிறு குழுவில் இருக்கிறேன். கோபுரத்தின் மேல்நிலைச் சுதைச் சிற்பங்களை எடுக்க எது ஏற்றது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கோபுரத்துக்கு பிரிட்ஜ் கேமராவைப் போல எளிதான கருவி வேறில்லை. அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் மேலே போகப் போகக் கோபுரம் குறுகிச் சாய்ந்து தெரியும். சுதையுருவங்களின் முகவாயும் மூக்குத் துளையுமே படத்தில் விழும். சன்னதித் தெருவில் நூறு மீட்டர் பின்வாங்கி நின்று 400 மி.மீ.-இல் எடுத்தால் ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரமுள்ள பகுதி, அதாவது ஒரு நிலையும் அதன் மாடங்களும், ஓரளவு நேர்ப்பார்வையில் அடங்கும். திருவரங்கத்து ராஜகோபுரம் போலப் பதின்மூன்று நிலைகள் உள்ளவற்றுக்கு இன்னும் பின்னே போக வேண்டியிருக்கும், ஜூமும் கூடுதலாகத் தேவைப்படும்.

வெயிலில் அசையாது நிற்பவற்றைத்தான் எடுக்கிறீர்கள் என்பதால் சிறிய சென்சார் பெரிய குறையாகாது. நாள் முழுதும் தோளில் தொங்கப்போவதையும் எண்ணினால், 600 கிராம் அளவேயுள்ள கேனான் எஸ்எக்ஸ்70 எச்எஸ் பொருத்தமாக இருக்கும். அது ரா கோப்பும் (கேமரா மெருகேற்றாத மூலப்பதிவு) தரும். ஆவணப் பணிக்கு அது மிக முக்கியம். நிக்கானின் பழைய பி900-ஐ யாராவது மலிவாகத் தர முன்வந்தால், அதில் ரா வசதி கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

கல்வெட்டுக்கு இந்த ஜூம் எதுவும் வேண்டாம். அதிட்டானத்தில் (கோவிலின் அடித்தளத்தில்) வெட்டிய எழுத்தைப் படிக்க வைப்பது பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி. சூரியன் சுவரை உரசிச் செல்லும் அரைமணி நேரத்தில், எழுத்தின் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் தங்கும். உச்சி வெயிலில் அதே சுவர் வெறும் கல்லாக நிற்கும். எந்தச் சுவருக்கு எந்த வேளை என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் டிரைபாட் பயன்படுத்த முன் அனுமதி தேவை.

கேள்வி: பழைய பிரிட்ஜ் கேமரா ஒன்று விலைக்கு வருகிறது. கடற்கரை ஊரில் இருக்கிறோம். என்னென்ன பார்க்க வேண்டும்?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் சென்சாரில் தூசு படியாது என்று பலரும் நம்புகிறார்கள். ஜூம் நீளும்போதும் சுருங்கும்போதும் லென்ஸ் குழல் காற்றை உள்ளிழுத்து வெளியே தள்ளுகிறது; அதோடு தூசும் உள்ளே போகிறது. போனால், வீட்டில் துடைக்க வழியில்லை. எனவே முதலில் வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ துளை எண் 8-இல் வைத்து, ஜூமின் பல நிலைகளில் படமெடுங்கள். ஒரே இடத்தில் மங்கிய புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் அது சென்சார் தூசு.

அடுத்தது பூஞ்சை, கடலோரத்தில் இதுவே பெரிய எதிரி. லென்ஸைச் சாய்த்துப் பிடித்து, பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழற்றும் லென்ஸ் என்றால் அதை மட்டும் ஒதுக்கலாம், இங்கே முழுக் கேமராவும் போய்விடும். பிறகு ஜூமை முழுக்க நீட்டிச் சுருக்கி ஓசையைக் கேளுங்கள். மணல் அரைபடுவது போன்ற ஓசையோ, நடுவில் தயங்குவதோ கூடாது. தொலைவிலுள்ள ஒரு பெயர்ப்பலகையை எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் கேமரா எப்போதோ கீழே விழுந்திருக்கக்கூடும்.

வாங்கியபின் தோலுறையில் வைத்து மூடாதீர்கள், ஈரம் அதில்தான் தங்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்வோர் உண்டு. அரிசி மாவு லென்ஸ் குழலுக்குள் போவதைத் தவிர வேறு பலன் இராது. உப்புக் காற்றில் எடுத்துவிட்டு வந்தால், நன்கு பிழிந்த ஈரத்துணியால் உடலைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: ஏறக்குறைய அதே விலைக்கு இரண்டு லென்ஸ்களோடு, லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராவும் கிடைக்கிறதே?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பலருக்கு அதுவே நல்லது. அவற்றில் வரும் ஏபிஎஸ்-சி சென்சார், ஒரு அங்குலச் சென்சாரைவிட மூன்று மடங்கு பெரிது. குழந்தைகள், வீட்டு விசேஷங்கள், மாலை நேரப் பயணம் என எல்லாவற்றிலும் அது கைகொடுக்கும், பின்னாளில் லென்ஸும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கூட வரும் இரண்டாவது லென்ஸ் பெரும்பாலும் 400 மி.மீ.-க்குள்ளேயே நின்றுவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் கேமராவின் விலைக்கு ஈடாகவோ கூடுதலாகவோ ஒரு லென்ஸ் வாங்க வேண்டியிருக்கும், அதைச் சுமக்கவும் வேண்டும். ஆகவே தங்கள் மொபைலில் ஏற்கெனவே இருக்கும் படங்களைப் புரட்டிப் பாருங்கள். 'இன்னும் கிட்டே போயிருந்தால்' என்று தோன்றும் பகல் நேரப் படங்கள் அதிகமிருந்தால் பிரிட்ஜ் கேமரா, மங்கலாகவும் அசைந்தும் போன இரவுப் படங்கள் அதிகமிருந்தால் மிரர்லெஸ். எதை வாங்கினாலும் இரண்டாவது பாட்டரிக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள். பி950 ஒரு சார்ஜில் 290 படங்கள், எஸ்எக்ஸ்70 325 படங்கள் என்றுதான் நிறுவனங்களே சொல்கின்றன, ஜூமை ஓயாமல் நீட்டிச் சுருக்கினால் அவ்வளவும் வராது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதானால், வாரண்ட்டி இந்தியாவில் செல்லுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.